முழுத் தூர டிரையத்லான்: முதல் தடவை முடிப்பதும் அடுத்த தடவை முன்னேறுவதும்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், ஒன்றன் பின் ஒன்றாக. இதைக் கேட்டதும் பலருக்கும் தோன்றுவது, ‘அந்த வேகத்துக்கு நான் எங்கே போவேன்?’ என்பதுதான். முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இந்தத் தூரத்துக்கு உலகமெங்கும் பெயர் பெற்ற போட்டித் தொடர் அயர்ன்மேன். அதன் போட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மொத்தக் கெடு 17 மணி நேரம். நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தண்ணீரில் இறங்கியதிலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளையும் முடித்திருக்க வேண்டும். சரி, நிதானமாகப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சலுக்கு 1 மணி 40 நிமிடம். உடை மாற்றப் பத்து நிமிடம். சைக்கிளில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம், அதாவது ஏழரை மணி நேரம். மறுபடியும் உடை மாற்றப் பத்து நிமிடம். கூட்டினால் ஒன்பதரை மணி நேரம். கையில் இன்னும் ஏழரை மணி நேரம் இருக்கிறது. கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம் என்று விறுவிறுவென நடந்தாலே மாரத்தான் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் எந்த எண்ணும் மிரட்டுகிற எண் இல்லை. ஆனாலும் பலர் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காலையில் போன வேகத்தைச் சாயங்காலம் வரை இழுத்துச் செல்ல முடியாததுதான் காரணம். கடைசி வரை தேய்ந்து போகாமல் இருப்பது எப்படி என்பதைச் சுற்றியே இந்தக் கட்டுரை முழுக்கப் போகும். முதல் தடவை முடிப்பதற்கும் அதுதான் வழி, அடுத்த தடவை நேரத்தைக் குறைப்பதற்கும் அதுதான் வழி.

தொடங்கும் முன்

மருத்துவரிடம் போய் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போது நேர்ந்தவை. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் அதுவரை தெரியாமலிருந்த இதயக் கோளாறு இருந்திருக்கிறது. வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நிற்காமல் அரை மணி நேரம் ஓடவும், ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கவும், 200 மீட்டர் நீந்தவும் முடிந்தால் முழுத் தூரத்துக்கு ஒரு வருடம் வையுங்கள். நீச்சலே தெரியாது என்றால் ஒன்றரை முதல் இரண்டு வருடம். இடையில் படிகள் இருக்கின்றன, ஏறிப் போங்கள்: முதலில் ஒலிம்பிக் தூரம் (1.5 கிமீ நீச்சல், 40 கிமீ சைக்கிள், 10 கிமீ ஓட்டம்), பிறகு அரைத் தூரம் (1.9, 90, 21.1). முழுப் போட்டிக்கு மூன்று, நான்கு மாதம் முன்னால் ஓர் அரைத் தூரத்தை முடித்திருப்பது நல்லது. உடை மாற்றும் இடத்தில் தடுமாறுவது, சாப்பிட மறப்பது எல்லாம் அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

இன்னொன்று. ஆரம்பத்தில் வாரத்துக்கு எட்டு மணி நேரமும், உச்சத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரமும் பயிற்சிக்குப் போகும். சனி, ஞாயிறு காலைகள் வீட்டாருக்குச் சொந்தமில்லாமல் போகும். போட்டிக்குப் பணம் கட்டும் முன்பே அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நீச்சல்

வயது வந்த பிறகு நீச்சலுக்கு வருகிறவர்கள் கை வலிமையை நம்புகிறார்கள். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. உடல் எப்படிக் கிடக்கிறது என்பதுதான் அங்கே பெரிய விஷயம். தலையைத் தூக்கினால் இடுப்பு அமிழும். இடுப்பு அமிழ்ந்தால் கால்கள் கீழே தொங்கி, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போவது போல ஆகிவிடும். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். மூச்சு எடுக்கத் தலையைப் பக்கவாட்டில் உருட்டுங்கள், மேலே தூக்காதீர்கள். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். மூச்சு முட்டுவதாகச் சொல்பவர்களில் பலர் உள்ளே இழுக்கச் சிரமப்படுவதில்லை, வெளியே விடாமல் வைத்திருப்பார்கள்.

ஒரு நல்ல பயிற்சியாளரிடம் பத்து வகுப்பு போவது, தனியாக நூறு தடவை குளத்துக்குப் போவதைவிட மேல். செலவழிக்க ஓர் இடம்தான் உண்டு என்றால் நான் இதில்தான் செலவழிப்பேன்.

திறந்த நீர் வேறு உலகம். அடியில் கோடு கிடையாது, சுவர் கிடையாது, பக்கத்தில் இருப்பவர் கை உங்கள் கண்ணாடியில் படும். போட்டிக்கு முன் குறைந்தது ஆறேழு தடவையாவது கடலிலோ ஏரியிலோ துணையோடு நீந்துங்கள். ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒரு முறை, முதலை பார்ப்பது போல, கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வரும்படி தலையை உயர்த்தி, பாதையைக் காட்டும் மிதவையைப் பாருங்கள். அதைச் செய்யாமல் வளைந்து வளைந்து போகிறவர் 3.8 கிலோமீட்டருக்குப் பதில் 4.2 நீந்தி முடிப்பார். இன்னொருவர் காலுக்குப் பின்னால் ஒட்டி நீந்துவது விதிப்படி சரிதான், உழைப்பும் மிச்சமாகும்.

முதல் சில நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும். பழகியவர்களுக்கும் வரும். அப்போது மல்லாந்து மிதந்தபடி இருங்கள், அல்லது கையை உயர்த்திக் காட்டி பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். படகைப் பிடித்தபடி முன்னேறாத வரை தகுதி நீக்கம் கிடையாது. மூச்சு சீரானதும் தொடரலாம். தண்ணீரின் வெப்பநிலை 24.5 டிகிரிக்குக் கீழே இருந்தால் அயர்ன்மேன் போட்டிகளில் வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை, போடலாம். அது உடம்பை மிதக்க வைக்கும், ஆகவே நீச்சல் சுமாராக வருபவர்களுக்குப் பெரிய உதவி. கழுத்தில் உராயும் இடத்தில் வாஸலின் மாதிரி எதையாவது தடவிக்கொள்ளுங்கள்.

சைக்கிள்

நாளின் பாதி இங்கேதான் போகும். ஓட்டம் எப்படி அமையும் என்பதும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும்.

விலை உயர்ந்த சைக்கிள் முதல் தடவைக்குத் தேவையில்லை. உடம்புக்கு ஏற்றபடி சீட்டும் ஹேண்டில்பாரும் பொருத்தப்பட்ட சாதாரண ரோடு சைக்கிள் போதும். ஆனால் அந்தப் பொருத்தத்தை, பைக் ஃபிட் என்பார்கள், தெரிந்தவரிடம் செய்துகொள்ளுங்கள். சீட் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகு ஒரு மணி நேரச் சவாரியில் தெரியாது. ஏழு மணி நேரத்தில் முழங்கால் சொல்லும்.

அடுத்தது வேகக் கட்டுப்பாடு. மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் எஃப்டிபி என்ற எண்ணைத் தெரிந்திருப்பார்கள். சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சராசரி பவர் அது. இருபது நிமிடம் முழு மூச்சாக மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். முழுத் தூரப் போட்டியில் முதல் தடவைக்காரர் இதில் 65 முதல் 70 சதவீதத்தில் மிதித்தால் போதும். பவர் மீட்டர் இல்லையா? பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறையுங்கள். முதல் 40 கிலோமீட்டரில் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவது போலிருக்கும். போகட்டும். மேட்டில் எழுந்து நின்று மிதித்துத் துரத்தாதீர்கள்.

அடுத்தவர் பின்னால் ஒட்டிப் போவது இங்கே குற்றம். அயர்ன்மேனில் முன்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே 12 மீட்டர் இருக்க வேண்டும், தாண்டுவதென்றால் 25 வினாடிக்குள் தாண்டிவிட வேண்டும். பாதையில் நடுவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

பஞ்சர் ஒட்டப் பழகுவதைத் தள்ளிப் போடாதீர்கள். நடுவழியில் ஒட்டுவதை விட டியூபையே மாற்றுவதுதான் வழக்கம். டயர் லீவரால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, பழைய டியூபை உருவியெடுங்கள். புது டியூபை நுழைக்கும் முன், கட்டைவிரலை டயரின் உட்புறத்தில் ஒரு முழுச் சுற்று மெதுவாக ஓட்டுங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யாமல் அவசரத்தில் புது டியூபைப் போட்டுக் காற்றடித்தேன். நூறு மீட்டர் போகும் முன் அதுவும் இறங்கிவிட்டது. நகம் அளவுகூட இல்லாத ஒரு கம்பித் துண்டு டயரில் குத்திக்கொண்டே இருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அன்று என்னிடம் இன்னொரு டியூப் இல்லை. அன்றிலிருந்து இரண்டு எடுத்துப் போகிறேன். விரலால் தடவிப் பார்த்த பிறகு, புது டியூபில் சிறிது காற்று ஊதி உருண்டையாக்கி உள்ளே வையுங்கள், முறுக்கிக்கொள்ளாது. டயரைக் கையாலேயே ஏற்றுங்கள். லீவரால் நெம்பினால் டியூப் இடையில் மாட்டிக் கிழியும். வீட்டில் பத்து தடவை செய்து பழகினால் சாலையில் ஐந்தாறு நிமிடத்தில் முடியும்.

ஓட்டமும் வாரக் கணக்கும்

ஓட்டம்தான் உடம்பை அதிகம் அடிக்கும், காயமும் அதிகம் தரும். அதனால் நீண்ட ஓட்டத்தை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மாரத்தானுக்கு மட்டும் தயாராகிறவர் 32 கிலோமீட்டர் ஓடுவதைப் பார்த்து நீங்களும் ஓட வேண்டியதில்லை. உங்கள் சகிப்புத்தன்மையில் பெரும்பங்கு சைக்கிளில் வந்துவிடும், மூட்டுகளுக்கும் சேதமில்லை.

சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடுவதைப் பிரிக் என்பார்கள். முதல் தடவை இறங்கி ஓடும்போது கால் உங்களுடையது மாதிரியே இருக்காது. தொடை கனக்கும், அடி எடுத்து வைத்தால் குட்டை குட்டையாக விழும். பத்து, பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிடும். வாரம் ஒரு முறை, நீண்ட சவாரிக்குப் பின் இருபது முதல் முப்பது நிமிடம் ஓடினால் போதும்.

வேலைக்குப் போகிறவருக்கு நடுப்பகுதியில் ஒரு வாரம் இப்படி இருக்கலாம். திங்கள் ஓய்வு, வேண்டுமானால் லேசான நீச்சல். செவ்வாய் ஒரு மணி நேர ஓட்டம், அதில் சில பகுதிகள் வேகமாக. புதன் காலை நீச்சல், மாலை ஒரு மணி நேரச் சைக்கிள். வியாழன் நிதானமான ஓட்டம். வெள்ளி நீச்சல், அதோடு அரை மணி நேர வலுப்பயிற்சி. சனி நான்கு மணி நேரச் சைக்கிளும் பிரிக்கும். ஞாயிறு நீண்ட ஓட்டம். மூன்று வாரம் ஏற்றி, நான்காம் வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். போட்டிக்கு முன் 150 கிலோமீட்டரைத் தாண்டிய சவாரி மூன்று நான்காவது இருக்கட்டும்.

இதில் எவ்வளவு வேகமாகச் செய்வது? ஐந்தில் நான்கு பங்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய நிதானத்தில். புதிதாக வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. மெதுவாகப் போனால் எப்படி வேகம் வரும் என்று கேட்பார்கள். ஆனால் நிதானமான நீண்ட உழைப்புதான் கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொள்ளத் தசைகளைப் பழக்குகிறது. மறுநாளும் பயிற்சிக்கு எழுந்திருக்க விடுவதும் அதுதான்.

வயிற்றையும் பழக்க வேண்டும்

முதல் அயர்ன்மேன் போட்டி 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓஆஹு தீவில் நடந்தது. 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். ஓட்டம் தொடங்கும்போது அவருக்கு முன்னால் இருந்தவர் ஜான் டன்பார். வழியில் டன்பாருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீரைக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். இரண்டாவதாகத்தான் வர முடிந்தது. அன்றும் இன்றும் இந்தப் போட்டியில் முக்கால்வாசி சோகம் வயிறு சம்பந்தப்பட்டதுதான்.

உடம்பில் சர்க்கரையாகச் சேர்ந்திருக்கும் கையிருப்பு ஏறக்குறைய 2000 கலோரி. அன்று முழுக்க எரியப்போவது அதைப் போலப் பல மடங்கு. மிச்சத்தில் ஒரு பகுதி கொழுப்பிலிருந்து வரும், இன்னொரு பகுதியை வழியில் உள்ளே அனுப்பியாக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்குச் சுமார் 60 கிராம் வரைதான் குடல் உறிஞ்சும். ஃப்ரக்டோஸும் கலந்திருந்தால் 90 கிராம் வரை போகலாம், ஏனென்றால் அது வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது. ஏழரை மணி நேரச் சைக்கிளுக்கு மணிக்கு 60 கிராம் என்று வைத்தாலே 450 கிராம். சிறு பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழைத்தான் ஜெல் என்பார்கள், ஒன்றில் 20 முதல் 25 கிராம்தான் இருக்கும். இத்தனையைப் போட்டியன்று முதல் தடவையாக உள்ளே தள்ளினால் வயிறு திருப்பி அனுப்பும். போட்டிக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பிருந்தே நீண்ட சவாரிகளில் மணிக்கு 40 கிராமில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி வையுங்கள், அடித்ததும் ஏதாவது உள்ளே போகட்டும்.

தண்ணீருக்கு ஒரு எளிய சோதனை. ஒரு மணி நேரம் பயிற்சி செய்யும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். போன அத்தனையையும் குடித்து நிரப்ப வேண்டியதில்லை. முக்கியமாக, பயத்தில் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும். மோதிரம் இறுகுகிறது, விரல் வீங்குகிறது என்றால் குடிப்பதை நிறுத்தி மருத்துவ உதவி கேளுங்கள். வியர்வையில் போகும் உப்பு ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். காய்ந்த பனியனில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் பானத்தில் கூடுதல் உப்பு சேர்த்துப் பழக வேண்டும்.

என் முதல் முழுத் தூரப் போட்டியில் சைக்கிளைத் திட்டமிட்டதைவிட வேகமாக மிதித்தேன். நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது, அவ்வளவுதான். 120 கிலோமீட்டரில் ஜெல்லைப் பிரித்தால் வாசனையே ஆகவில்லை. ஓட்டத்தில் 18 கிலோமீட்டர் வந்தபோது, வழியில் பானம் கொடுக்கும் ஓர் உதவி மேசை முன்னால் காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குடித்தாக வேண்டும் என்று தெரிகிறது, தொண்டை திறக்க மறுக்கிறது. மிச்சம் 24 கிலோமீட்டரையும் நடந்தேன். கடுமையாக உழைக்கும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, சாப்பிட்டது அப்படியே கிடக்கிறது. என் வயிற்றுக் கோளாறுக்குக் காரணம் ஜெல் இல்லை, நான் மிதித்த வேகம் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

கடைசி மூன்று வாரம்

இதுவரை சேர்த்ததை உடம்பு செரித்துக்கொள்ளும் காலம் இது. பயிற்சி நேரத்தை வாராவாரம் குறைத்து, கடைசி வாரத்தில் வழக்கத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவாருங்கள். இடையிடையே சில நிமிட வேகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கால் கனப்பது போலவும், இல்லாத வலியெல்லாம் வருவது போலவும் இருக்கும். பயந்துபோய் ஒரு நீண்ட சவாரி போய்விடாதீர்கள்.

புது ஷூ, புது ஜெல், புது டயர் எதையும் போட்டி நாளில் தொடங்கி வைக்காதீர்கள். உடை மாற்றும் இடத்துக்கான பைகளை நிரப்பும்போது மனதுக்குள் அந்த நாளை ஓட்டிப் பார்த்து, எந்த வரிசையில் கை போகுமோ அந்த வரிசையில் வையுங்கள். சைக்கிளைத் தொடும் முன்பே ஹெல்மெட்டின் பக்கிள் மாட்டியிருக்க வேண்டும். சைக்கிளைத் திரும்ப மாட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். பரபரப்பில் இதில் தண்டனை வாங்குகிறவர்கள் உண்டு.

போட்டி நாள்

மூன்று மணி நேரம் முன்பே பழகிய உணவைச் சாப்பிடுங்கள். நீச்சலில் உங்கள் வேகத்துக்கு ஏற்ற கூட்டத்தில் நில்லுங்கள், சந்தேகமாக இருந்தால் ஓரமாக. சைக்கிளில் முதல் இருபது நிமிடம் வயிறு அடங்கட்டும், பிறகு சாப்பாட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். ஓட்டத்தின் முதல் 10 கிலோமீட்டரில் ‘இது ரொம்ப மெதுவாயிற்றே’ என்று தோன்றும் வேகம்தான் சரியான வேகம். ஒவ்வொரு உதவி மேசையிலும் முப்பது வினாடி நடந்து, நிதானமாகக் குடியுங்கள். இருபது மேசைக்கு மொத்தமே பத்து நிமிடம்தான் ஆகும். தலையில் தண்ணீர் ஊற்றுங்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் எண்ணங்கள் இருண்டு போகும். அப்போது சர்க்கரைப் பானம் ஒரு வாய் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது மூளையின் பசிதான்.

அடுத்த தடவை

முடித்த மறுநாளே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். எந்த இடத்தில் என்ன சாப்பிட்டேன், எப்போது கால் இறுகியது, எங்கே மனம் விட்டுப்போனது. ஒரு வாரம் கழித்து நினைவு எல்லாவற்றையும் மழுப்பிவிடும்.

பிறகு ஓட்டத்தின் இரண்டு பாதிகளின் நேரத்தை ஒப்பிடுங்கள். பின்பாதி இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் கூடியிருந்தால் உங்கள் குறை ஓட்டத்தில் இல்லை, சைக்கிள் வேகத்திலோ சாப்பாட்டிலோ இருக்கிறது. என் இரண்டாவது போட்டியில் சைக்கிளை வேண்டுமென்றே பன்னிரண்டு நிமிடம் மெதுவாக முடித்தேன். ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அதற்காக ஒரு கிலோமீட்டர்கூட அதிகம் பயிற்சி செய்யவில்லை.

இரண்டு பாதியும் சமமாக வந்துவிட்டதா? அப்போதுதான் உடல்திறனைக் கூட்டும் வேலை தொடங்குகிறது. மூன்று மணி நேரம் ஒரே பவரில் மிதித்து, இரண்டாம் பாதியில் இதயத் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் அடித்தளம் இன்னும் போதாது, நிதானச் சவாரிகளைக் கூட்டுங்கள். ஏறாவிட்டால் போட்டி இல்லாத மாதங்களில் எஃப்டிபியை உயர்த்தக் இடையிடையே ஓய்வு விட்டுச் செய்யும் கடுமையான இடைவெளிப் பயிற்சிகளை வாரம் இரண்டு வையுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் காற்றை நினையுங்கள். சமதரையில் வேகம் கூடக்கூட காற்றுத் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையில் பெரும்பங்கு உங்கள் உடம்புடையது. முழங்கையை ஊன்றிக் குனிய ஹேண்டில்பாரில் பொருத்தும் ஏரோ பாரில் ஐந்து மணி நேரம் அசையாமல் கிடக்க இடுப்பையும் கழுத்தையும் பழக்குவது, விலை உயர்ந்த சக்கரங்களைவிட அதிக நிமிடங்களைத் தரும். நீச்சலில் 1 மணி 40 நிமிடத்தை 1 மணி 30 ஆக்க ஆகும் உழைப்பை அப்படியே சைக்கிளில் போட்டால் இன்னும் அதிகம் குறைக்கலாம் என்பது என் கணிப்பு. ஆனால் தண்ணீரில் பதற்றம் இருக்கும் வரை நீச்சலுக்கே முதலிடம் கொடுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மடோனா பூடர் என்ற கன்னியாஸ்திரி 2012இல் 82 வயதில் முழுத் தூரத்தை முடித்தார். ஹிரோமு இனாதா என்ற ஜப்பானியர் 2018இல் ஹவாய் உலகப் போட்டியை 85 வயதில் முடித்தார். தொடர்ந்து பல வருடம் காயமில்லாமல் பயிற்சி செய்வதுதான் இந்த விளையாட்டில் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம். அதனால் போட்டி முடிந்து இரண்டு வாரம் கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். நடங்கள், தோன்றினால் மிதந்துவிட்டு வாருங்கள், நன்றாகத் தூங்குங்கள். மூன்றாவது வாரத்தில் மாடி ஏறும்போது தொடை வலிக்கவில்லை என்றால் மெல்ல ஒரு அரை மணி நேரம் ஓடிப் பார்க்கலாம்.